கடைசி வரியைக் காணோம்

குற்றாலத்துக் குரங்கைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்லுகிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. உங்கள் கையிலிருக்கும் பழத்தைப் பறிக்கும், மரத்தில் ஏறும், தின்னும், தோலைக் கீழே போடும். அத்தோடு கணக்கு முடிந்தது. அந்தப் பழத்தையே திரும்ப உங்களிடம் நீட்டி, ‘என் தோட்டத்தில் விளைந்தது, எப்படியிருக்கிறது சொல்லுங்கள்’ என்று கேட்காது. கேட்கிற இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இந்த இனத்துக்கு நான் ‘கத்தரிக்கோல் ரசிகர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்ல எழுத்தைக் கண்டால் இவர் உருகிப்போவார். கண் கலங்கும், ‘இதை நாலு பேர் படிக்கணுமே’ என்று மனசு பதறும். அந்தப் பதற்றத்திலும் விரல் மட்டும் நிதானமாகக் கீழே இறங்கி, எழுதியவர் பெயர் இருக்கும் கடைசி வரியை நறுக்கிவிடும். ஏன் நறுக்குகிறார்? அவருக்கே தெரியாது. வாழைப்பழத்தைத் தின்னும்போது தோலை எதற்கு உரிக்கிறோம் என்று யோசிக்கிறோமா?

இவர்களில் சாதுவானவர் ‘படித்ததில் பிடித்தது’ என்று போடுவார். எங்கே படித்தார், யார் எழுதிப் படித்தார் என்பது தேவரகசியம். இன்னொருவர் ‘யாரோ எழுதியது’ என்பார். நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் சொல்லுகிறேன், தமிழில் இந்த ‘யாரோ’ அளவுக்கு எழுதிக் குவித்த எழுத்தாளர் வேறு யாருமில்லை. கதை, கவிதை, கைவைத்தியம், கண்ணீர்க் கட்டுரை எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. மூன்றாமவர் ‘வாட்ஸப்பில் வந்தது’ என்று சொல்லுவார், ஏதோ மேலே மலையில் மழை பெய்து வாட்ஸப்பில் தானாக வந்து விழுந்த மாதிரி. இவர்களையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். நறுக்கிய இடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று அங்கே ‘அன்புடன்’ என்று எழுதி, ரோஜாப்பூ ஒன்று வைத்து, அதன் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாரே, அவரல்லவா இந்தக் குலத்தின் திலகம்!

அப்படியொரு திலகம் எங்கள் தென்காசியில் இருக்கிறார். பால்வண்ணநாதன். மோட்டார் பம்பும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கீழப்பாவூர். நல்ல மனுஷர், இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்து நிற்பார். பதினாலு வாட்ஸப் குழுக்களுக்கு அட்மின். சாரல் ஆரம்பித்துவிட்டால் விடிகாலையிலேயே அவரிடமிருந்து அறிக்கை வந்துவிடும்: ‘பேரருவி நன்றாக விழுகிறது. ஐந்தருவியில் நாலு கிளை விழுகிறது. அன்புடன், பால்வண்ணநாதன்.’ ஐந்தாவது கிளை விழாததற்கு அவர் பொறுப்பல்ல. மற்ற நாலும் அவர் தயவு. யாரோ ஒரு பையன் பாறைமேல் நனைந்துகொண்டே எடுத்த படத்தையும் கூடவே அனுப்புவார். படத்தின் அடியில் பையன் தன் பெயரைப் பொறித்திருப்பான். அதை வெட்டுகிற வேகத்தில் அருவியே பாதியில் நின்றுவிடும். தண்ணீர் தரைக்கு வராமல் அந்தரத்தில் தொங்கும் குற்றாலத்தை நீங்கள் அவருடைய குழுக்களில் மட்டும்தான் பார்க்கலாம்.

ஆனால் தன் பெயர் என்று வந்துவிட்டால் பால்வண்ணநாதன் வேறு மனுஷர். சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகையில் ‘நல்வரவை விரும்பும்’ பட்டியலில் இவர் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்துக்காரர் தவறு. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இவர் கை நனைக்கவில்லை.

ஒருநாள் காலை நடையில் கேட்டேவிட்டேன்.

“எழுதினவர் பேரை ஏன் வே எடுக்கேரு?”

“நல்ல கருத்து நாலு பேருக்குப் போகணும் அண்ணாச்சி. பேருல என்ன இருக்கு?”

“அப்போ உம்ம பேரு எதுக்கு?”

“யாரு அனுப்புனாங்கன்னு தெரியணும்லா?”

எப்படி நியாயம்! விட மனசில்லாமல் நானும் பேச, அவர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “இம்புட்டுப் பெரிய கோபுரம் நிக்கே, கெட்டுனவன் பேரையா எழுதிப் போட்டிருக்கு?” போட்டிருக்கிறது ஐயா. கோயிலைக் கட்டிய பாண்டியன் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர் கோயிலுக்குள் கல்வெட்டைத் தேடிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நடை முழுக்க அவருக்கு வகுப்பெடுத்தேன். அடுத்தவன் எழுத்தைப் பேரில்லாமல் எடுப்பது அடுத்தவன் வேட்டியை உருவுவது மாதிரி என்றேன். கூட நடந்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது மிஸ்ரியா வருகிறாள்.

மிஸ்ரியா எங்கள் ஊர் சேக் மைதீனின் மகள். ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சின்ன வயசிலேயே நூலகத்துக்கு வந்து, ஒரே வாரத்தில் ஒரு புத்தகத் தட்டை முடித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகிற பிள்ளை. இப்போது எழுதுகிறாள், நன்றாகவே எழுதுகிறாள். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும், என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அவள் வாப்பாவின் போன். முகம் வீங்கியிருந்தது.

“சார், இதைக் கொஞ்சம் வாசிங்க.”

வாசித்தேன். ‘அருவியைக் கேட்ட அப்பா. அன்புடன், பால்வண்ணநாதன்’ என்றிருந்தது. இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது மிஸ்ரியா எழுதியது. ஆனியில், நன்றாயிருக்கிறதா என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். அவள் வாப்பா அரபு நாட்டில், தம்மாமில் பத்தொன்பது வருஷம் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். சீசன் வந்துவிட்டால் அங்கிருந்து போன் போட்டு, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றுதான் முதலில் கேட்பார். ஒரு வருஷம் நோன்பும் சாரலும் ஒன்றாக வந்தன. ஐந்தருவிப் பக்கம் நோன்பு திறக்கப் போன இடத்தில், பதினைந்து வயசு மிஸ்ரியா பாறையில் ஏறி, போனை அருவிக்கு நேராக நீட்டிப் பிடித்தாளாம். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இப்போது ஊரோடு வந்துவிட்டார். அருவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் காதுதான் போய்விட்டது. இவ்வளவுதான் கட்டுரை. படித்த அன்று நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இதைத்தான் பால்வண்ணநாதன் தன் அளவுக்குத் தைத்துப் போட்டிருந்தார். வாப்பா அப்பாவாகிவிட்டார், உம்மா அம்மாவாகிவிட்டாள், சரி. நோன்பு என்று வந்த இடத்திலெல்லாம் சஷ்டி என்று மாற்றியிருந்தார். ஆகவே அவர் வீட்டில் அந்த மாதம் முப்பது சஷ்டியும் விடாமல் விரதம் இருந்திருக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டே சஷ்டி கொடுத்த பஞ்சாங்கக்காரர்கள் என்ன செய்வார்கள் பாவம்! இருபத்தேழாம் சஷ்டியன்று பேரீச்சம்பழம் தின்று விரதத்தை முடித்துவிட்டு, ‘பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு’ பாறையில் ஏறியிருக்கிறார் பால்வண்ணநாதன். அந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டார். அந்த மீசையையும் அந்தப் பாவாடையையும் சேர்த்து நினைத்தபோது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மிஸ்ரியா சிரிக்கவில்லை.

“அந்த எழுத்து அச்சுல வாரதுக்குள்ள வாப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு வச்சிருந்தேன் சார். அவகளுக்குக் காது கேக்காது, வாசிச்சுத்தான் தெரிஞ்சுக்குவாக. புஸ்தகமாக் கையில குடுக்கணும்னு இருந்தேன். நேத்து தெருக் குழுவுல இது வந்திருக்கு. அவக என்னையக் கூப்பிட்டு, ‘இந்தா பாருளா, நம்மள மாதிரியே ஒரு வீடு இருந்திருக்கு, என்னமா எழுதிருக்கான் அந்தப் புள்ள’ன்னு என்ட்டயே காட்டுதாக.”

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதோடும் போகவில்லை. திருநெல்வேலியில் ஒரு பதிப்பகம் புதிதாக எழுதுகிறவர்களின் தொகுப்பு ஒன்று போடுகிறது. மிஸ்ரியாவின் கட்டுரை அதில் தேர்வாகியிருந்தது. இப்போது அங்கிருந்து கடிதம்: ‘தங்கள் கட்டுரை எங்களுக்கு வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே பால்வண்ணநாதன் என்பவர் பெயரில் வெளியாகியிருக்கிறது. பிறர் எழுத்தைச் சற்று மாற்றி அனுப்பியதாக ஐயப்படுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் தக்க சான்று தராவிட்டால் நீக்கிவிடுவோம்.’ பார்த்தீர்களா? எடுத்தவர் ஆசிரியர், எழுதியவள் திருடி.

“எம் போனு போன மாசம் ஐந்தருவித் தண்ணியில விழுந்து ஒண்ணுமே மிஞ்சல சார். உங்களுக்கு அனுப்பினேன்லா, அது உங்க போன்ல இருக்குமா?”

“அது எங்கே போகும், இருக்கும். முதலில் அந்த ஆளை ஒரு கை பார்க்கிறேன், வா!” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போனைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். புத்தி வரவில்லை. கோபம் வந்தவனுக்கு எப்போது புத்தி வந்திருக்கிறது?

கடையில் பால்வண்ணநாதனின் அப்பா செல்லச்சாமிப் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து மகனை வைதுகொண்டிருந்தார். எண்பத்து நாலு வயசு. கீழப்பாவூரில் நாள் தவறாமல் நரசிம்மர் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறவர்.

“ஏலே, எவம்லே தம்மாம் போனது? கோயிலுக்குப் போனா ஒருத்தன் ‘எப்பம் வந்திய’ங்கான், ஒருத்தன் செவிட்டுல வந்து நின்னு காது கிழியக் கத்துதான். நான் சுரண்டையத் தாண்டிப் போனதில்லலே! எங்காதுக்கு என்னலே கொள்ள?”

பால்வண்ணநாதன் என்னைக் கண்டதும் தப்பித்தோம் என்கிற முகத்தோடு எழுந்தார். “வாங்க அண்ணாச்சி, காப்பி சொல்லட்டுமா?”

“காப்பி இருக்கட்டும். இந்தப் பிள்ளை யாரு தெரியுமா வே? உம்ம அப்பாவைத் தம்மாமுக்கு அனுப்பினது இவதான். எழுதினவ இவ. அவ வாப்பாவுக்குன்னு பிள்ளை பொத்திப் பொத்தி வச்சிருந்ததை எடுத்துப் பேரு போட்டீரே, உமக்குக் கை கூசலியா? எங்க இருந்து திருடினீரு, சொல்லும்!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு இன்னும் சுருதி ஏறியது. பால்வண்ணநாதன் மிஸ்ரியாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

“அண்ணாச்சி, கோவப்படாம இங்கன பாருங்க.”

போனை நீட்டினார். எங்கள் காலை நடைக் குழு. ஆனி மாதத்து ஒரு காலை, ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். ‘அருவியைக் கேட்ட வாப்பா.’ முதல் எழுத்திலிருந்து கடைசி வாக்கியம் வரைக்கும் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. அதற்குக் கீழே ‘மிஸ்ரியா, தென்காசி’ என்று இருக்க வேண்டிய வரியை மட்டும் காணோம். அனுப்பியவர் பெயர் மேலே இருந்தது. நான்.

அதோடு விட்டதா? கீழே ஏழெட்டுப் பேர் பாராட்டியிருந்தார்கள். ‘அண்ணாச்சி, என்னமா எழுதியிருக்கிய!’ என்று ஒருவர். ‘உங்களுக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளரா!’ என்று இன்னொருவர். நான் என்ன பதில் போட்டிருந்தேன் தெரியுமா? நான் எழுதியதல்ல என்று போடவில்லை. நான்தான் எழுதினேன் என்றும் போடவில்லை. கும்பிடு போட்டிருந்தேன். இரண்டு கும்பிடு.

பால்வண்ணநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீங்க எழுதுனதில்லன்னு எனக்கு அப்பமே தெரியும் அண்ணாச்சி. நீங்க எங்க வாப்பான்னு எழுதப் போறிய? எங்கனயோ எடுத்திருக்கியன்னு நெனச்சேன். பேரு இல்லாம அனாதையா வந்துச்சு. நீங்களே எடுத்துப் போட்டிருக்கிய, நாம எடுத்தா என்னன்னு எடுத்துட்டேன்.”

சத்தியமாகச் சொல்லுகிறேன், நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு ‘அருமை, அனுப்பு’ என்று பதில் போட்ட கையோடு இதையும் செய்திருக்கிறேன். கடைசி வரியை ஏன் விட்டேன்? பெண்பிள்ளை, கூச்சப்படுவாளே என்று விட்டேனா? விரல் அங்கே போய்ச் சேரவில்லையா? எத்தனையோ காரணம் ஜோடித்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. நின்றது அந்த இரண்டு கும்பிடுதான்.

மிஸ்ரியா ஒன்றும் சத்தம் போடவில்லை. துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நான் உங்களுக்கு மட்டுந்தானே சார் அனுப்பினேன்?”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி உறைத்ததில்லை. செல்லச்சாமிப் பெரியவர் முக்காலியில் இருந்தபடியே நாங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பம் ரெண்டு பேருமா சேந்துதான் என்னியத் தம்மாமுக்கு அனுப்பிருக்கிய” என்றார்.

வீட்டுக்கு வந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவள் எனக்கு அனுப்பியது என் போனில் தேதி, நேரம், பெயர் எல்லாவற்றோடும் பத்திரமாக இருந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பினாலே அவள் எழுதியது என்று நிரூபணமாகிவிடும். நடைக் குழுப் படம் எதற்கு? அதைக் கத்தரித்துவிட்டால் என்ன? மனசு எப்படியெல்லாம் கேட்கிறது பாருங்கள்! ஆனால் பால்வண்ணநாதனுக்கு அது எப்படிப் போயிற்று என்று அவர்கள் கேட்டால், அவளே ஊரெல்லாம் அனுப்பிவிட்டு இப்போது அழுகிறாள் என்றல்லவா ஆகும்? இரண்டு படத்தையும் அனுப்பினேன். ‘இந்தப் பெண் என்னை நம்பி அனுப்பியதை அவள் பெயரை எடுத்துவிட்டுப் பரப்பியவன் நான்’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

பால்வண்ணநாதனும் ஆண்பிள்ளைதான். தன் பதினாலு குழுக்களிலும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ‘மிஸ்ரியா என்பவர் எழுதியதை என் பெயரில் போட்டது என் தவறு, மன்னிக்கவும்’ என்று உருக்கமாக எழுதியிருந்தார். அந்த உருக்கத்தில் மயங்கிய சுரண்டைக்காரர் ஒருவர், கீழேயிருந்த பால்வண்ணநாதன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அதைத் தன் குழுவுக்கு அனுப்பிவிட்டார். செய்யாத தப்புக்கு அந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டு, அதற்கு நாற்பது பேர் ‘பெரிய மனசு அண்ணாச்சி’ என்று பாராட்டும் வாங்கிவிட்டார். இந்த இனத்தை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்!

தொகுப்பு ஐப்பசியில் வந்தது. மிஸ்ரியாவின் கட்டுரை நாற்பத்தொன்றாம் பக்கம். அவள் வாப்பா சேக் மைதீன் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்து, கடைசியில் இருந்த பெயரில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். நேரில் பார்க்கிற பாக்கியம் எனக்கு இல்லை, கேள்விப்பட்டதுதான். மிஸ்ரியா வழியில் கண்டால் ‘நல்லாருக்கியளா சார்’ என்று இப்போதும் மரியாதையாகக் கேட்கிறாள். எழுதியதை அனுப்புவதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.

என்ன, பால்வண்ணநாதனை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை, என்னை நினைத்தா? இரண்டும் சரிதான், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். உங்கள் போனை எடுத்து, கடைசியாக ‘கட்டாயம் படியுங்கள்’ என்று யாருக்கோ அனுப்பினீர்களே, அதைத் திறந்து கீழே வரைக்கும் போய்ப் பாருங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா? சந்தோஷம். இல்லையா? வந்ததே அப்படித்தான் வந்தது என்கிறீர்களா? இருக்கலாம். நான் அப்படியெல்லாம் செய்கிற ஆளே இல்லை என்கிறீர்களா?

அந்த வியாழக்கிழமை பதினோரு மணி வரைக்கும் நானும் அந்த ஆள் இல்லைதான்.